ஹப் உட்காரும் இடம்: கனரக பிக்கப்பின் முன்சக்கரம் பற்றி வாசகர் கேள்விகள்

கனரக பிக்கப் வண்டிகளின் சக்கர ஹப் (சக்கரம் பூட்டப்பட்டுச் சுழலும், பேரிங் அடங்கிய நடுப்பகுதி) குறித்து வந்த கடிதங்களில் ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றை இம்முறை சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஃபோர்டு எஃப்-250, எஃப்-350, ராம் 2500, 3500, செவர்லே சில்வராடோ 2500 ஹெச்டி போன்ற வண்டிகளை வைத்திருப்பவர்களே பெரும்பாலும் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்க வகைப்பாட்டின்படி சுமையோடு சேர்த்து 8,501 பவுண்டு முதல் 14,000 பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 3,856 கிலோ முதல் 6,350 கிலோ வரை எடை அனுமதிக்கப்பட்டவை இவை. டீசல் எஞ்சின் பொருத்திய வண்டிகளில் எஞ்சின் மட்டுமே அரை டன் அளவுக்குக் கனக்கும் என்பதால், முன்சக்கர ஹப்பின் மேல் எப்போதும் எவ்வளவு பாரம் இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பதில்களைப் படிக்க வேண்டுகிறேன்.

கேள்வி: வண்டி 70 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் முன்பக்கத்திலிருந்து ஒரு ரீங்காரம் வருகிறது. டயர் சத்தம் என்கிறார் ஒருவர், பேரிங் என்கிறார் இன்னொருவர். எதையும் பிரிக்காமல் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல் கண்டுபிடித்துவிடலாம். முதலில் அந்தச் சத்தம் எதைப் பின்தொடர்கிறது என்று கவனியுங்கள். போக்குவரத்து இல்லாத நேரான சாலையில், சத்தம் வரும் வேகத்தை மாற்றாமல் கியரை ஒரு படி கீழே இறக்கினால் எஞ்சினின் சுழற்சி கூடும். அப்போதும் சத்தத்தின் சுருதி மாறாமல், வண்டியின் வேகம் ஏறி இறங்கும்போது மட்டும் மாறுமானால், எஞ்சினைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அடுத்து, அதே வேகத்தில் வண்டியை மெதுவாக இடமும் வலமும் வளையுங்கள். இடப்பக்கம் வளைக்கும்போது பாரம் வலப்பக்கச் சக்கரத்துக்கு மாறுகிறது. அந்த நேரத்தில் சத்தம் கூடினால் வலப்பக்க ஹப்பையும், குறைந்தால் இடப்பக்க ஹப்பையும் சந்தேகிக்கலாம். ஒரு ஹப்புக்குள் இரண்டு வரிசைக் குண்டுகளோ உருளைகளோ இருப்பதால், எந்த வரிசை தேய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து இந்தச் சோதனை சில சமயம் ஏமாற்றும். ஆகவே இதை மட்டும் நம்பிப் புதிய ஹப் வாங்கப் போய்விடாதீர்கள்.

டயரின் மேல்பரப்பை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாகத் தேய்ந்த டயர், பழுதான பேரிங்கைப் போலவே ரீங்கரிக்கும். முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டும்போது சத்தமும் இடம் மாறினால், உங்களுக்கு மாற்ற வேண்டியது டயர்தான்.

நான் மிகவும் நம்புவது கடைசிச் சோதனையை. வண்டியை ஜாக்கியில் உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்திய பின், ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு மறு கையை முன்பக்கச் சுருள்வில்லின் மேல் வையுங்கள். சுருள்வில் இல்லாத அமைப்பானால், சுழலும் எதிலும் விரல் படாதபடி நக்கிளின் (ஹப் பூட்டப்பட்டு, ஸ்டீரிங்கோடு திரும்பும் பகுதி) மேல் வையுங்கள். நல்ல பேரிங் சுழலும்போது வில்லில் எதுவுமே தெரியாது. பழுதான பேரிங்கானால், காய்ந்த மணலை இரு கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்ப்பது போன்ற மெல்லிய நறநறப்பு வில்லின் வழியாக விரல்களுக்கு ஏறும். பிரேக் பேடு டிஸ்க்கில் உரசும் ஓசை காதில் விழும், ஆனால் அது வில்லில் இப்படித் தெரியாது. இரு பக்கத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தால் வேறுபாடு ஐயத்துக்கு இடமில்லாமல் விளங்கிவிடும்.

கேள்வி: சக்கரத்தை உயர்த்தி அசைத்தால் ஆட்டம் இருக்கிறது. ஹப்பை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். பால் ஜாயிண்டாக இருக்காதா?

பதில்: இருக்கலாம். நக்கிளைத் தாங்கித் திரும்ப விடும் உருண்டை மூட்டுதான் பால் ஜாயிண்ட். நீங்கள் கேட்டது மிகவும் சரியான கேள்வி, ஏனெனில் நல்ல ஹப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய ஆட்டத்தோடு வண்டியை வெளியே அனுப்பும் தவறு அடிக்கடி நடக்கிறது. டயரைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டு, 12 மணி, 6 மணி இடங்களைப் பிடித்து உள்ளும் வெளியுமாக அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால், உதவிக்கு ஒருவரை உள்ளே உட்கார வைத்து பிரேக் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மீண்டும் அசையுங்கள். பிரேக் அழுந்தியிருக்கும்போது பிரேக் பேடுகளை அழுத்தும் காலிப்பர் டிஸ்க்கையும் நக்கிளையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. நடுவில் இருக்கும் பேரிங்கின் ஆட்டம் அதனால் மறைந்துவிடும். பிரேக்கை அழுத்தியபோது ஆட்டம் காணாமல் போனால் குறை ஹப்பில் இருக்கிறது. அழுத்திய பிறகும் அப்படியே இருந்தால் பால் ஜாயிண்டையும் அதற்கு உள்ளே இருப்பவற்றையும் பாருங்கள். 3 மணி, 9 மணி இடங்களில் மட்டும் ஆட்டம் தெரிந்தால் பெரும்பாலும் அது ஸ்டீரிங்கை நக்கிளோடு இணைக்கும் டை ராடு மூட்டுகளின் தேய்மானம்.

சீல் செய்யப்பட்ட ஹப்பில் கைக்குத் தெரியும் ஆட்டம் இருக்கவே கூடாது. இந்தப் பேரிங்குகளில் தயாரிப்பாளர்கள் அனுமதிக்கும் அசைவு பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அதை டயல் கேஜ் வைத்துத்தான் அளக்க முடியும்.

கேள்வி: பழைய வண்டிகளில் முன்சக்கரப் பேரிங்கைக் கழற்றி, கழுவி, கிரீஸ் அடைத்து மீண்டும் போடுவோம். இந்த வண்டிகளில் ஏன் அது முடியவில்லை? ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) சென்சார் துளை வழியாக கிரீஸ் ஏற்றலாம் என்கிறார்களே?

பதில்: பழைய அமைப்பில் இரண்டு கூம்பு உருளைப் பேரிங்குகள் தனித்தனியாக ஒரு ஸ்பிண்டிலின் மேல் உட்கார்ந்திருந்தன, நட்டை இறுக்கியும் தளர்த்தியும் அவற்றின் அழுத்தத்தைக் கையாலேயே சரிசெய்தோம். இப்போதைய ஹப் ஒரே தொகுதி. பேரிங், சக்கரம் பொருந்தும் தட்டு, ஸ்டட்டுகள், நக்கிளில் பூட்டும் தட்டு, வேகத்தை உணரும் சென்சார் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, உள் அழுத்தம் தொழிற்சாலையிலேயே நிர்ணயிக்கப்பட்டு, இருபுறமும் சீல் வைக்கப்பட்டு வருகின்றன. எஃப்-250, எஃப்-350 அடங்கிய ஃபோர்டு சூப்பர் டூட்டி வரிசையின் நான்கு சக்கர இயக்க வண்டிகளில் 1999 மாடலிலிருந்தே இந்த அமைப்புதான்.

சென்சார் துளை வழியாக கிரீஸ் ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. உள்ளே இருக்கும் கிரீஸும் நீங்கள் ஏற்றும் கிரீஸும் வெவ்வேறு அடிப்பொருள் கொண்டவையாக இருந்தால் இரண்டும் சேர்ந்து இளகி ஒழுகிவிடக்கூடும்; அளவு மிஞ்சினால் அந்த அழுத்தமே சீலை வெளியே தள்ளிவிடும். சத்தம் வரத் தொடங்கிய ஹப்புக்கு இதனால் பயனே இல்லை. சத்தம் வருகிறது என்றால் குண்டுகள் உருளும் ஓடுபாதையின் உருக்கு ஏற்கெனவே உதிரத் தொடங்கிவிட்டது. உதிர்ந்த உருக்கை எந்த கிரீஸும் திருப்பிக் கொண்டுவராது.

கேள்வி: ராம் வண்டியின் ஹப் போல்ட்டுகள் நான்கையும் எடுத்துவிட்டேன். ஆனால் ஹப் நக்கிளைவிட்டு ஒரு இழைகூட அசையவில்லை. அரை நாளாகச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: முதலில் சம்மட்டியைக் கீழே வையுங்கள். இந்த வேலையில் பொறுமை இழந்தவர்கள்தான் நக்கிளையும், ஆக்சில் நுனியின் மரையையும், தங்கள் விரல்களையும் கெடுத்துக்கொள்கிறார்கள். வார்ப்பு இரும்பு நக்கிளின் வட்டத் துளைக்குள் ஹப்பின் உருக்கு உருளை மிக நெருக்கமாகப் பொருந்தியிருக்கிறது. பல ஆண்டு மழையும் உப்பும் அந்த இடைவெளிக்குள் இறங்கித் துருவாக மாறும்போது, துரு தான் தின்ற இரும்பைவிடக் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்வதால், ஆப்பு அடித்தது போல இரண்டும் இறுகிவிடுகின்றன. நீங்கள் உடைக்க வேண்டியது அந்தத் துருவின் பிடியை மட்டும்தான்.

துரு இளக்கும் எண்ணெயை நக்கிளின் பின்பக்கத்திலிருந்தும், ஹப் தட்டைச் சுற்றியுள்ள விளிம்பிலும், வெளியே எடுத்த போல்ட் துளைகள் வழியாகவும் விட்டு, முடிந்தால் ஓர் இரவு அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் ஹப்பை வெளியே இழுக்க முயல்வதற்கு முன், அதைச் சுழல வைக்கப் பாருங்கள். போல்ட் பூட்டும் தட்டின் காதுகளில் பக்கவாட்டாக, ஒருமுறை வலஞ்சுழியாகவும் ஒருமுறை இடஞ்சுழியாகவும் தட்டினால் ஹப் தன் குழிக்குள் ஓர் இழை திரும்பும். திரும்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்தத் திருப்பத்தில் துரு பொடியாகி எண்ணெய் உள்ளே இறங்க வழி கிடைக்கிறது. முதல் முறை அது திரும்பும்போது துளையின் விளிம்பிலிருந்து செங்கல் நிறத்தில் ஒரு கோடு போலத் துருப்பொடி உதிர்வதைக் காணலாம். அதைப் பார்த்த பிறகு அடியின் வேகத்தைக் கூட்ட வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் கூட்டுங்கள். காற்றுச் சுத்தியல் இருந்தால் இந்த இடத்தில் சம்மட்டியைவிட அதுவே நல்லது.

அதற்கும் அசையாவிட்டால், ஸ்டீரிங்கின் பலத்தையே கருவியாக்கும் முறை ஒன்று மெக்கானிக்குகளிடையே நெடுங்காலமாக இருக்கிறது. எடுத்த போல்ட்டுகளைத் திரும்பப் போட்டு, முழுவதும் இறுக்காமல் சில சுற்றுகள் மட்டும் தளர்வாக விட்டு, ஒரு போல்ட்டின் தலையில் சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷன் கம்பியும் பொருத்தி, கம்பியின் மறுமுனை ஆக்சில் குழாயின் உறுதியான பகுதியில் முட்டும்படி வைத்து, எஞ்சினை ஓடவிட்டு ஸ்டீரிங்கை அந்தப் பக்கமாக மெல்லத் திருப்பினால், பவர் ஸ்டீரிங் அந்த போல்ட்டின் வழியாக ஹப்பை வெளியே தள்ளும். மரையில் போதுமான சுற்றுகள் பற்றியிருக்க வேண்டும். சிறிது தள்ளியதும் எதிர்மூலை போல்ட்டுக்கு மாற வேண்டும். ஒரே போல்ட்டில் முழுத் தூரமும் தள்ளினால் ஹப் சாய்ந்து இன்னும் இறுகிவிடும். கம்பி வழுக்கினால் துப்பாக்கிக் குண்டுபோலத் தெறிக்கும் என்பதால், ஸ்டீரிங் திரும்பும்போது சக்கரத்தின் அருகே ஒருவரும் நிற்கக் கூடாது, கம்பியைக் கையால் பிடித்திருக்கவும் கூடாது. எஞ்சின் ஓடுகிறது, ஒருவர் உள்ளே இருக்கிறார் என்பதால், வண்டி ஜாக்கியில் அல்லாமல் தகுந்த ஸ்டாண்டுகளின் மேல், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, சமதளத்தில் நிற்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள்.

வெல்டிங் விளக்கால் சூடாக்கலாமா என்ற எண்ணம் உங்களுக்கு வந்திருக்கும். பக்கத்திலேயே பால் ஜாயிண்டின் ரப்பர் உறையும், ஏபிஎஸ் வயரும், பிரேக் ஹோஸும், ஆக்சில் சீலும் இருப்பதால் நான் அதைச் செய்வதில்லை. பிரேக் கிளீனர் அடித்த இடத்தைச் சூடாக்கவே கூடாது. குளோரின் கலந்த கிளீனர்கள் கடுஞ்சூட்டில் நச்சு வாயுவாக மாறக்கூடும்.

ஹப் வந்துவிட்டால் அதன் பின்னே ஆக்சில் தண்டு வெளிப்படும். அதை உருவ நேர்ந்தால் ஆக்சில் குழாயின் உள்ளே இருக்கும் எண்ணெய்ச் சீலின் மேல் தண்டின் எடை விழாதபடி தாங்கிப் பிடித்து உருவுங்கள். தண்டின் யூ-ஜாயிண்ட் இறுக்கமாகவோ ஆட்டமாகவோ இருந்தால் அதை மாற்ற இதைவிட வசதியான நேரம் கிடைக்காது. கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளில் அதே பக்கத்தில் மூன்றாவது ஹப் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் புதியதுதான் போட்டேன். தரமில்லாத பொருள் விற்கிறார்களா?

பதில்: தரம் குறைந்த ஹப்புகளும், பெயர்பெற்ற நிறுவனங்களின் பெட்டியைப் போலவே அச்சடித்த போலிகளும் சந்தையில் இருப்பது உண்மைதான், நம்பகமான விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். ஆனால் அதே பக்கத்தில் மூன்று முறை என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் என் எண்ணம் ஹப்பைவிட்டு அது உட்காரும் இடத்துக்குப் போகிறது. இதை நான் சொந்தத் தவறில் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் மாலை நேரத்து அவசரத்தில், நக்கிளின் முகத்தைத் துணியால் துடைத்துவிட்டுப் புதிய ஹப்பைப் பூட்டி, போல்ட்டுகளைச் சரியான அளவுக்கே இறுக்கி வண்டியை அனுப்பினேன். சில வாரங்களில் கடகடவென்ற சத்தத்தோடு அது திரும்பி வந்தது. பேரிங்கில் குறையில்லை, நான்கு போல்ட்டுகளும் தளர்ந்திருந்தன. ஹப்பை எடுத்துப் பார்த்தால், நக்கிளின் முகத்தில் நான் விட்டுவைத்த துரு, காகிதக் கனத்தில் ஒரு வில்லையாகப் பெயர்ந்து பொடிந்திருந்தது. போல்ட்டின் இறுக்கம் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே நிற்க வேண்டும். நடுவில் இருந்த துரு நசுங்கியதும் இறுக்கம் போய்விட்டது. அன்று அந்த வண்டியில் இருந்தவர்களுக்கு எதுவும் நேரவில்லை என்பதை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே நக்கிளின் துளையையும் முகத்தையும் கம்பி பிரஷ்ஷாலும் எமரித் தாளாலும் உலோகம் மின்னும் வரை தேய்த்து, விரல் நுனியால் சுற்றித் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேட்டை விரல் காட்டிக்கொடுக்கும். துளைக்குள் துரு தடுக்கும் பசையை மெல்லிய பூச்சாகப் பூசலாம். அடுத்த முறை கழற்றுபவருக்கு அது பெரிய உதவி. போல்ட் மரைகளில் மட்டும் அந்தப் பசையை உங்கள் விருப்பத்துக்குப் பூசாதீர்கள். மரை வழுக்கலானால், அதே முறுக்கு விசைக்கு போல்ட் கூடுதலாக இழுபடும். மரைக்கு என்ன போட வேண்டும், போல்ட்டுகளைப் புதிதாக மாற்ற வேண்டுமா என்பதை அந்த வண்டியின் பழுதுபார்ப்புக் கையேடு சொல்லும். அதில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால், குறுக்கு மூலைகளாக மாறி மாறி இறுக்குங்கள்.

டிஸ்க் வந்து பொருந்தும் ஹப்பின் முகத்தையும் டிஸ்க்கின் உட்புறத்தையும் இதே கவனத்தோடு சுத்தம் செய்ய வேண்டும். நக்கிள் பக்கத்துத் துரு சுழல்வதில்லை, இந்தப் பக்கத்துத் துருவோ சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். டிஸ்க் தள்ளாடி, பிரேக் பெடல் காலுக்கடியில் துடிக்கத் தொடங்குவது இதனால்தான்.

அடுத்தது ஆக்சில் நட். ராம், சில்வராடோ போன்ற வண்டிகளில் ஆக்சில் தண்டின் நுனியிலுள்ள பெரிய நட், தண்டைப் பிடிப்பதோடு ஹப்பின் உள்வளையங்களையும் சேர்த்து அழுத்தி வைக்கிறது. அதை இறுக்குவதற்கு முன் வண்டியின் பாரத்தை அந்தச் சக்கரத்தின் மேல் இறக்கினாலோ, வண்டியைச் சில அடி உருட்டினாலோ, புதிய பேரிங் அங்கேயே கெட்டுவிடக்கூடும். சக்கரம் மேலே இருக்கும்போதே, ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லி, டார்க் ரெஞ்ச்சால் இறுக்கி முடித்துவிடுங்கள். இம்பாக்ட் கன்னால் இறுக்கினால், அளவுக்குக் குறைந்ததா மிஞ்சியதா என்று உங்களுக்கு ஒருபோதும் தெரியாது.

புதிய ஹப்பைக் குழிக்குள் ஏற்ற அடிக்க வேண்டி வந்தால், குழி இன்னும் சுத்தமாகவில்லை என்று பொருள். சக்கரத் தட்டில் விழும் ஒவ்வோர் அடியும் குண்டுகள் வழியாக ஓடுபாதைக்குப் போய் நுண்ணிய குழிகளைப் பதிக்கிறது. கடினமான குண்டை உலோகத்தில் அழுத்தி, பதிந்த குழியை அளந்து உலோகத்தின் கடினத்தைக் கணிக்கும் முறையை 1900-இல் அறிமுகப்படுத்திய சுவீடன் பொறியாளர் பிரினெல்லின் பெயராலேயே இந்தச் சேதமும் அழைக்கப்படுகிறது. கை தவறிக் கீழே விழுந்த ஹப்பையும் நான் வண்டியில் பூட்டமாட்டேன்.

இவை எல்லாவற்றையும் செய்த பின்னும் ஹப் போகிறது என்றால் உங்கள் சக்கரங்களைப் பாருங்கள். வெளியே தள்ளி நிற்கும் ரிம்மும் மிகப் பெரிய டயரும் பாரத்தைப் பேரிங்கின் நடுக்கோட்டிலிருந்து விலக்கி, ஹப்பை நெம்புகோல் போட்டு வளைப்பது போல வேலை செய்கின்றன. முன்பக்கத்தில் பனி தள்ளும் கலப்பை மாட்டுவதும், ஹப் மூழ்கும் ஆழமான நீரில் வண்டியை இறக்குவதும் அதன் ஆயுளைக் குறைக்கும்.

கேள்வி: ஒரு பக்க ஹப் போனால் மறுபக்கத்தையும் சேர்த்து மாற்ற வேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை. மறுபக்கத்தை மேலே சொன்ன சோதனைகளில் பாருங்கள். சுத்தமாக இருந்தால் விட்டுவிடுங்கள். நல்ல ஹப்பைத் துருவிலிருந்து பிடுங்கி எடுப்பதால் கிடைக்கும் நன்மை ஒன்றுமில்லை.

கேள்வி: ஹப்பை மாற்றிய மறுநாளே ஏபிஎஸ் விளக்கு எரியத் தொடங்கிவிட்டது. அதோடு வண்டி நிற்கப் போகும் கடைசி நொடியில் பிரேக் பெடல் தடதடக்கிறது.

பதில்: மெதுவாக ஓடி நிற்கப் போகும் நேரத்தில் ஏபிஎஸ் தேவையின்றி இயங்குவது, ஒரு சக்கரத்தின் வேக சமிக்ஞை மற்றவற்றுக்கு முன்பே மங்கிவிடுவதன் அடையாளம். அந்தச் சக்கரம் பூட்டிக்கொண்டுவிட்டது என்று கணினி தவறாக எண்ணி, பிரேக் அழுத்தத்தை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. புதிய ஹப்பின் சென்சார் முழுமையாக உட்காராமல் இடைவெளி கூடியிருக்கலாம். இணைப்பானின் முள் வளைந்திருக்கலாம். பழைய சென்சாரையே புதிய ஹப்பில் பொருத்தியிருந்தால், சென்சாருக்கு அடியில் படிந்த துரு அதைத் தூக்கி நிறுத்தியிருக்கலாம். வயர் சென்ற பாதையையும் பாருங்கள். தொழிற்சாலையில் எந்தெந்தக் கிளிப்பில் வயர் பூட்டப்பட்டிருந்ததோ அதே கிளிப்புகளில் அது பூட்டப்பட வேண்டும். பூட்டிய பின் ஸ்டீரிங்கை இரு கோடிகளுக்கும் திருப்பி, வயர் எங்கும் இழுபடவில்லை, டயரில் உரசவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். விளக்கு எரியும்போது ஏபிஎஸ் வேலை செய்யாது, அல்லது தேவையற்ற நேரத்தில் வேலை செய்யும் என்பதால், இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: எஃப்-250 வண்டியில் இரு பக்க ஹப்பும் மாற்றினோம். அதன்பின் நான்கு சக்கர இயக்கம் சுவிட்சைப் போட்டாலும் பிடிப்பதில்லை. வெளியே உள்ள குமிழைக் கையால் திருப்பினால் பிடிக்கிறது.

பதில்: கையால் திருப்பும்போது பிடிக்கிறது என்று எழுதியது பாதி விடையை நீங்களே கொடுத்தது போல. பூட்டும் பற்கள் நன்றாக இருக்கின்றன, அவற்றை இழுக்க வேண்டிய வெற்றிடம் வந்து சேரவில்லை. சூப்பர் டூட்டி வண்டிகளில் வெற்றிடக் குழாய் நக்கிளுக்கு வந்து, நக்கிளுக்கும் ஹப்புக்கும் நடுவிலுள்ள அறையின் வழியாகப் பூட்டும் பகுதியை இழுக்கிறது. அந்த அறையை மூடுபவை ஹப்பைச் சுற்றியுள்ள ஓ-ரிங், ஆக்சில் தண்டின் மேலுள்ள பெரிய சீல், வெளிப்புறப் பூட்டின் ஓ-ரிங் ஆகியவை. ஹப்பை மாற்றும்போது ஆக்சில் தண்டின் சீலைப் பழையதாகவே விட்டாலோ, புதியதைச் சரியான ஆழத்துக்கு அடித்து இறக்காவிட்டாலோ காற்று கசியும். துளையில் துருவின் தழும்பு ஆழமாக இருந்தால் புதிய ஓ-ரிங்கும் அங்கே மூடாது. கை வெற்றிடப் பம்பை நக்கிளின் குழாய் முனையில் பொருத்தி, முள் இறங்காமல் நிற்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். எந்தப் பக்கம் கசிகிறது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி: பின்சக்கரத்திலும் இதே போன்ற ஹப் தொகுதிதானா?

பதில்: இல்லை. இந்த வண்டிகளின் பின் ஆக்சில் முழு மிதவை வகையைச் சேர்ந்தது. பாரத்தைத் தாங்குவது ஆக்சில் குழாயின் நுனியும் அதன் மேல் சுழலும் ஹப்பும். ஆக்சில் தண்டு ஹப்பில் போல்ட் செய்யப்பட்டு, சுழற்சியை மட்டும் கொண்டுசெல்கிறது. சக்கரத்தைக் கழற்றாமலே தண்டை மட்டும் உருவ முடிவது அதனால்தான். உள்ளே பழைய முறைப்படி இரண்டு கூம்பு உருளைப் பேரிங்குகள் இருக்கின்றன, டிஃபரென்ஷியலின் கியர் எண்ணெயே அவற்றை நனைக்கிறது. ஆகவே அங்கே நீங்கள் எதிர்பார்க்க வேண்டிய குறை ரீங்காரத்தைவிடக் கசிவுதான். உட்புறச் சீல் போனால் எண்ணெய் பிரேக்கின் மேல் வழியும். பின் டயரின் உட்புறத்தில் கருமையாக எண்ணெய் ஈரம் கண்டால் உடனே பாருங்கள். எண்ணெய் ஊறிய பிரேக் பேடைக் கழுவிப் போடலாம் என்று நினைக்காமல் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எல்லாம் பூட்டி முடித்தாயிற்று. இதற்குப் பிறகு கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: வீல் நட்டுகள். சக்கரத்தைப் பூட்டும்போது நட்சத்திர வடிவில், எதிரெதிர் நட்டுகளாக மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றுகளில் இறுதி அளவுக்கு ஏற்றுங்கள். 14 மி.மீ. ஸ்டட்டுள்ள ஃபோர்டு சூப்பர் டூட்டிக்கு அந்த அளவு 165 அடி-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 224 நியூட்டன் மீட்டர். அதே கனமுள்ள ஸ்டட்டுகளோடு வரும் சில்வராடோவுக்கு 140 அடி-பவுண்டு, ஏறத்தாழ 190 நியூட்டன் மீட்டர். ஸ்டட் ஒரே கனமாக இருந்தும் அளவு மாறுவதைப் பாருங்கள். பக்கத்து வண்டியின் எண்ணை உங்கள் வண்டிக்கு எடுத்துக்கொள்ள முடியாது. புதிய ஹப், சுத்தம் செய்த டிஸ்க், ரிம் மூன்றும் ஓட்டத்தில் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் படியும்போது நட்டுகள் சிறிது தளரும் என்பதால், முதல் 80 முதல் 160 கி.மீ. ஓடியதும் வண்டியை நிறுத்தி, சக்கரம் ஆறிய பின், டார்க் ரெஞ்ச்சால் மீண்டும் ஒவ்வொரு நட்டாகச் சோதியுங்கள். அந்தச் சோதனையில் ஏதாவது ஒரு நட் கால் சுற்று அளவுக்குத் திரும்பினால், சக்கரத்தைக் கழற்றி உள்ளே துரு எதுவும் சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே மீண்டும் பூட்டுங்கள்.